வால் ஏன் அசைந்தது?

வால் அசைந்திருக்கக் கூடாது.

காலை பத்தே காலுக்குக் கணினித் திரையில் அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், பயம் பிறகுதான் வந்தது. மதியம் மூன்று மணிக்கு எங்கள் திட்டத்தை மதிப்பிடும் குழு கூடுகிறது. அதில் காட்டவேண்டிய படத்தைக் கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும் படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் வைப்பேன். அன்று மறந்துவிட்டேன். வெட்டியிருந்தால் வால் தெரிந்திருக்காது. நான் பாட்டுக்கு மூன்று மணிக்குப் போய்ப் பேசிவிட்டு, பாராட்டும் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

என் பெயர் கல்பனா. தெற்குக் கொல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எம்.ஆர். கருவிக்குப் பொறுப்பாளர். கருவி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பெரிய காந்தம். பென்சிலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் புரதக் கரைசலை ஊற்றி அதற்குள் இறக்கினால், புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் திரையில் ஒரு புள்ளியாக விழும். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது காலா அஸார் காய்ச்சலை உண்டாக்கும் கிருமியின் ஒரு நொதி. அந்த நொதியில் ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளத்தில் ஏதாவது ஒரு சின்ன மூலக்கூறு போய் உட்கார்ந்து அடைத்துக்கொண்டால் கிருமிக்கு வேலை ஓடாது. அப்படி உட்காருகிற ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்குக் கைகால் வைத்து மருந்தாக வளர்ப்பதுதான் திட்டம்.

உட்கார்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பாலிகஞ்ச் லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருவர் வந்து ஒண்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்வார்கள். பெட்டியின் மறுகோடியில் இருப்பவர் நகரமாட்டார். இங்கேயும் அதேதான். பள்ளத்தைச் சுற்றியிருக்கும் புள்ளிகள் இடம் மாறும், மற்றவை சும்மா இருக்கும். வால் என்பது புரதத்தைச் சுத்தம் செய்ய வசதியாக நாங்களே அதன் நுனியில் ஒட்டிவைத்த ஆறு கண்ணிகள். ஆறும் ஹிஸ்டிடின் என்ற ஒரே வகைக் கண்ணி. பள்ளத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதனால்தான் படத்தில் அதை வெட்டிவிடுவது வழக்கம். பள்ளத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்ததற்கு மறுகோடியில் இருக்கும் வால் ஏன் நகர வேண்டும்?

எனக்குப் பதில் உடனே தெரிந்துவிட்டது. ஹிஸ்டிடின் அமிலத்துக்குப் பயந்த சாதி. கரைசலில் கொஞ்சம் அமிலம் ஏறினாலும் போதும், இடம் மாறிவிடும். எங்கள் நொதியின் பள்ளத்துக்குள்ளும் மூன்று ஹிஸ்டிடின் இருக்கிறது. அப்படியானால் நான் மூன்று வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கும் படம் மருந்தின் படமா, அமிலத்தின் படமா?

அந்தப் படத்துக்காகப் புரதத்தோடு கலந்த சேர்மத்தின் எண் நாற்பத்தொன்று. நாற்பது சேர்மங்கள் தோற்ற பிறகு, பள்ளத்தைச் சுற்றிப் புள்ளிகளை நகர்த்திய முதல் சேர்மம். அதைச் செய்தவன் ஜெய்ராம். ஜெய்ராம் என் கணவன்.

இதைச் சொன்னால் பலர் புருவத்தைத் தூக்குவார்கள். புருஷன் செய்வதைப் பெண்டாட்டி சோதிப்பதா என்று போன வருஷக் கூட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். காந்தத்துக்கு என் புருஷன் யாரென்று தெரியாது என்று நான் சிரிக்காமல் சொன்னேன். அவன் வீட்டார் நான்கு தலைமுறைக்கு முன்பே பேங்க் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்து ஊன்றிவிட்ட ஐயங்கார்கள். என் அப்பா மணிவேல் ஈரோட்டிலிருந்து கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவர். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்க மூன்று வருஷம் ஆனது. இப்போது டாக்குரியாவில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம்.

என் வேலை நிரந்தரம். அவனுடையது ஒப்பந்தம். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. இன்றைக்குக் குழு நாற்பத்தொன்றை ஏற்றுக்கொண்டால் அதை வளர்க்க அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம். ஏற்காவிட்டால் முப்பதாம் தேதி மூட்டை கட்ட வேண்டியதுதான். நாற்பத்தொன்று போன்ற சின்னத் துண்டுகள் லேசாகத்தான் ஒட்டும். மற்ற சோதனைகளின் கண்ணில் அது சரியாகப் படாது. ஆகவே சாட்சி என்று இருந்தது என் படம் ஒன்றுதான்.

ஃபிரிட்ஜைத் திறந்து பழைய குழாயைத் தேடி எடுத்தேன். நாற்பத்தொன்றைக் கலந்து மூன்று வாரத்துக்கு முன் படமெடுத்த அதே குழாய். புரதத்தின் பி.ஹெச்சைச் சேர்மம் கலப்பதற்கு முன்தான் அளப்போம். கலந்த பிறகு குழாய்க்குள் பி.ஹெச் மீட்டரின் மின்முனையை விடக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். ஒரு குழாயின் மிச்சத்தை அது அடுத்த குழாய்க்குக் கொண்டுபோகும் என்பதற்காக. நல்ல சட்டம்தான். ஆனால் கலந்த பிறகு என்ன ஆனது என்று யாரும் பார்க்கமாட்டோம் என்பது அதன் மறுபக்கம். ஒரே ஒரு சொட்டை எடுத்துப் பி.ஹெச் பேப்பரில் வைத்தேன். ஆறு புள்ளி எட்டு இருக்கவேண்டும். நிறம் ஆறு புள்ளி இரண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. இன்னொரு துண்டுப் பேப்பரில் இன்னொரு சொட்டு. அதேதான்.

எண் இறங்கினால் அமிலம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஜெய்ராமைப் போனில் பிடித்தேன்.

"கடைசியா குடுத்தியே நாப்பத்தொண்ணு, அது உப்பா?"

"ஆமா. ஹைட்ரோகுளோரைடு. ஏன்?"

"ஏன்னா கேக்குற? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்போ சொன்ன?"

"ஆத்துலதான். அன்னிக்கு சனிக்கிழமை. நீ அடுப்படில நின்னுண்டிருந்தே. நாப்பத்தொண்ணு கரையவே மாட்டேங்கறது, உப்பா மாத்திட்டேன்னு சொன்னேன். நல்லதுன்னே. அப்புறம் கொத்தமல்லி வாங்கிண்டு வந்தியான்னு கேட்டே."

கொத்தமல்லி ஞாபகம் வந்தது. அவன் வாங்கி வரவில்லை, அதற்கு நான் கத்தினேன். கத்தியது ஞாபகம் இருந்தது, அதற்கு முன் அவன் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகத்துக்கு வந்தது. கரையாத சேர்மத்தை அமிலம் சேர்த்து உப்பாக்கினால் சர்க்கரை போலக் கரையும். ஆனால் கரைந்த இடத்தில் அந்த அமிலத்தை இறக்கிவைத்துவிடும். அதற்காகத்தான் எங்கள் மாதிரிப் படிவத்தில் உப்பு வடிவமா என்று கேட்கும் ஒரு கட்டமே இருக்கிறது. உப்பு என்று தெரிந்தால் கலந்த பிறகு பி.ஹெச்சைச் சரிசெய்துவிட்டுத்தான் படமெடுப்பேன்.

படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. கோடு என்றால் உப்பு இல்லை என்று அர்த்தம். கோட்டைப் போட்டது நான். ஜெய்ராமின் படிவங்களை அவன் நிரப்புவதே கிடையாது. வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நானே நிரப்பிவிடுவேன். நாற்பது தடவை அந்தக் கட்டத்தில் கோடு போட்ட கை நாற்பத்தொன்றாவது தடவையும் போட்டுவிட்டது. வேறு ஆய்வகத்திலிருந்து மது என்ற பெண் ஒரு கட்டத்தை விட்டுவிட்டாள் என்பதற்காக அவளுடைய படிவத்தை மூன்று முறை திருப்பி அனுப்பியவள் நான். மூன்றாவது முறை அவள் அழுதுவிட்டாள்.

"கல்பனா, லைன்ல இருக்கியா?"

"இங்க வா. காந்த ரூமுக்கு."

வரும் வழியிலேயே அவனுக்குப் புரிந்திருக்கிறது. காந்தம் இழுத்துவிடாமல் இருக்க வாசலில் பர்ஸையும் சாவியையும் எடுத்து வைக்கும்போது முகம் வெளிறியிருந்தது. பேப்பர் துண்டுகளைக் காட்டினேன். இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதெல்லாம் ஒரு ப்ரூஃபா? பழைய ஸாம்பிள். மூணு வாரமா ஃபிரிட்ஜ்ல கெடக்கறது. எது வேணா ஆயிருக்கும்."

"அதனாலதான் புதுசா ஓட்டப் போறேன். மருந்தே போடாம, வெறும் அமிலத்தை மட்டும் அதே அளவு போட்டுப் பாக்கறேன். புள்ளி நகரலைன்னா நாப்பத்தொண்ணு ஜெயிச்சுது. சந்தோஷமா மூணு மணிக்குப் போலாம்."

"நகர்ந்தா?"

நான் பேப்பர் துண்டுகளை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தேன்.

"அடுத்த வாரம் பண்ணு," என்றான். "இன்னிக்கு இருக்கறதைக் காட்டு. இருக்கறது பொய்யில்லையே, நீ எடுத்த படம்தானே? அடுத்த வாரம் நகர்ந்துதுன்னா அப்போ சொல்லிக்கலாம். எக்ஸ்டென்ஷன் வந்துடும், நான் வேற ஸால்ட் பண்றேன், வேற எடத்துல ஒரு மெத்தில் வெச்சுப் பாக்கறேன். டைம் கெடைக்கும் கல்பனா. நேக்கு டைம்தான் வேணும்."

அவன் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குக்கூட என் அப்பாவிடம் கெஞ்சாதவன். எனக்கு அவன்மேல் இரக்கமும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்குக் கோபம்தான் வாயில் வரும்.

"தெரிஞ்சுக்கிட்டே போய் நிக்கச் சொல்றியா? என் வாயால அந்தப் படத்தைக் காட்டச் சொல்றியா?"

"தெரியாது உனக்கு. சந்தேகம்தான் இருக்கு."

அது உண்மைதான். பதினொன்றரை மணிக்கு எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்க ஒரு சுலபமான வழியும் இருந்தது. காந்தத்துக்குள் வேறொரு ஆய்வகத்தின் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மணி வரைக்கும் அவர்களுடைய நேரம். அதோடு காந்தம் படிக்கக்கூடியபடி நைட்ரஜன் பதினைந்து ஏற்றிய புரதம் என்னிடம் கடைசியாக ஒரே ஒரு குழாய்க்குத்தான் இருந்தது. அதைச் செய்ய மூன்று வாரம் ஆகும். அதை அமிலத்துக்குச் செலவழித்துவிட்டால் குழு வேறு எதைக் கேட்டாலும் கையில் ஒன்றும் இருக்காது. நேரமில்லை, புரதமில்லை என்று சொல்லியிருந்தால் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள்.

புரதத்தை ஐஸில் வைத்தேன். ஜெய்ராம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வெளியே போனான். கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். பன்னிரண்டரைக்கு ஒரு சின்னக் குப்பியோடு திரும்பி வந்தான்.

"நாப்பத்தொண்ணைக் கரைச்ச அதே டி.எம்.எஸ்.ஓ. திரவத்துல ஆசிட் கலந்திருக்கேன். நாப்பத்தொண்ணுல எவ்வளவு இருந்துதோ கரெக்டா அவ்வளவு. நீ கணக்குப் போட்டா அவசரத்துல தப்பு பண்ணுவே."

தன் தலையைத் தானே கொய்து தட்டில் வைத்து நீட்டுவதுபோல் இருந்தது எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

காந்தத்தை ஓட்டுபவர் பிமல்தா. அவரிடம் போய் ஒரு மணிக்கு மேல் எனக்கு வேண்டும் என்றேன். திரையைக் காட்டி, "ஆர் தோஷ் மினிட், மேடம்," என்றார். அவருடைய பத்து நிமிஷம் இருபது நிமிஷமாக நீண்டது. வாசலுக்கு வெளியே துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சுத்தியல் சத்தம் அடைத்த கதவையும் தாண்டி வந்தது. ஜெய்ராம் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

ஒன்று இருபதுக்குக் குழாய் உள்ளே இறங்கியது. முதலில் வெறும் புரதம், இருபத்தைந்து நிமிஷம். புள்ளிகள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. புரதம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு சாக்கும் இல்லை. குழாயை வெளியே எடுத்து ஜெய்ராம் கொடுத்ததை விட்டேன், கலக்கினேன், மறுபடி இறக்கினேன். இரண்டாவது இருபத்தைந்து நிமிஷம். அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேன். எனக்குப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. இருந்தாலும் பழனி முருகனையும் காளிகாட் காளியையும் மாறி மாறிக் கூப்பிட்டேன். நகராதே, நகராதே, நகராதே.

இரண்டு இருபத்தைந்துக்கு மூன்று படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டேன். வெறும் புரதம் கறுப்பு. நாற்பத்தொன்று சிவப்பு. அமிலம் நீலம். நீலம் ஒவ்வொன்றாகச் சிவப்பின் மேல் போய் உட்கார்ந்தது. பள்ளத்தின் மூன்று ஹிஸ்டிடினும், பக்கத்தில் இருந்த கிளைசின் என்ற கண்ணியும், வாலும். நான் நம்பாமல் ஒவ்வொரு புள்ளியாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்காவது ஒரு சிவப்பு, நீலம் படாமல் தனியாக நிற்காதா? நாற்பத்தொன்றுக்காகச் சாட்சி சொல்ல ஒரே ஒரு புள்ளியாவது கிடைக்காதா? கிடைக்கவில்லை. மருந்தே போடாமல் அதே படம் வந்துவிட்டது. நாற்பத்தொன்று எங்கேயும் உட்காரவில்லை.

ஜெய்ராம் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். வேதியியல்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

"சரி," என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இப்போ நான் சொல்றதைக் கேளு. நான் உங்கிட்ட உப்புன்னு சொல்லவே இல்லை. புரியறதா? அதான் கோடு போட்டே. உம்மேல தப்பில்லை."

"நீ சொன்னியே."

"அடுப்படில சொன்னது யாருக்குத் தெரியும்? பாரு, என் வேலை எப்படியும் போச்சு. நீ கோடு போட்டேன்னு தெரிஞ்சா நீ எடுத்த எல்லாப் படத்தையும் சந்தேகப்படுவா. ஊர்ல உள்ள அத்தனை லேபும் உன் படத்தை நம்பித்தான் பேப்பர் எழுதறா. ஒருத்தராவது நிக்கணும்."

"வேணாம் ஜெய்ராம்."

"நீ வாயத் தொறக்காம இருந்தாப் போறும். நான் பாத்துக்கறேன்."

மூன்று மணிக்கு இரண்டாம் மாடிக் கூட்ட அறை. குழுவில் ஐந்து பேர். அவர்களில் இரண்டு பேரைச் சொன்னால் போதும். தலைவர் டாக்டர் விஜயலக்ஷ்மி, ஹைதராபாத்திலிருந்து வந்திருந்தார், அறுபதை ஒட்டிய வயது, அதிகம் பேசாதவர். எங்கள் திட்டத்தின் தலைவர் சுதேஷ்ணாதி, மடிக்கணினியில் கூட்டக் குறிப்பான மினிட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான்.

நான் எழுந்து பாராட்டு வாங்கவேண்டிய படத்தைப் போட்டேன். அதன்மேல் நீலத்தைப் போட்டேன். "மருந்து இல்லாமல் அமிலம் மட்டும் சேர்த்து எடுத்த படம் இது. இன்று இரண்டு இருபத்தைந்துக்குக் கிடைத்தது. நாற்பத்தொன்று நொதியோடு சேரவில்லை. நான் மூன்று வாரத்துக்கு முன் கொடுத்த அறிக்கை தவறு," என்றேன். சுதேஷ்ணாதி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தத் திட்டத்தில் அவருடைய ஐந்து வருஷம் இருந்தது.

விஜயலக்ஷ்மி படிவத்தைக் கேட்டார். கொடுத்தேன். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"உப்பு வடிவம் என்ற இடத்தில் கோடு இருக்கிறது. இதை எழுதியது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெய்ராம் எழுந்துவிட்டான்.

"நான் உப்பாக மாற்றியதை அவரிடம் தெரிவிக்கவில்லை, மேடம். அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. முழுக்க என் கவனக்குறைவு."

தடுமாறாமல் சொன்னான். ஒத்திகை பார்த்திருக்கிறான். ஒருவர் தலையை ஆட்டினார். இன்னொருவர் எதையோ குறித்துக்கொண்டார். சுதேஷ்ணாதியின் விரல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் சும்மா நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். என் காந்தம் என்னிடம் இருக்கும், என் பெயர் என்னிடம் இருக்கும். அவன் எப்படியும் போகிறவன். உட்கார்ந்துவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முழங்கால் மடங்கவில்லை.

"அவர் சொன்னார்," என்றேன். "என்னிடம் வீட்டில் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிவத்தை நிரப்பியது நான். அந்தக் கோடு என்னுடையது. அவருடைய படிவங்கள் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பியிருக்கிறேன்."

ஜெய்ராம் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது மடல் சிவந்திருந்தது.

விஜயலக்ஷ்மி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களில் ஒருவர் சொல்வது உண்மையில்லை."

"நான் சொல்வதுதான் உண்மை, மேடம்," என்றேன். "அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னார்."

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாற்பத்தொன்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நாற்பது பழைய படிவங்களையும் வெளியாள் ஒருவர் சரிபார்க்கவேண்டும். அதுவரை என் கையெழுத்தோடு எந்தப் படமும் வெளியே போகக் கூடாது. ஒப்பந்த நீட்டிப்பு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்காததே பதில்.

கடைசியில் சுதேஷ்ணாதி மினிட்ஸை உரக்க வாசித்தார். உப்பு வடிவத்தைப் பற்றித் தமக்குத் தெரிவிக்கப்பட்டதைக் கருவிப் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். சரி. சேர்மத்தைத் தயாரித்தவர் முன்னதாக அளித்த வாக்குமூலம் உண்மைக்குப் புறம்பானது என்று தெரியவந்தது.

அந்த வாக்கியம் என்னை அடித்துப் போட்டுவிட்டது. முப்பதாம் தேதிக்கு மேல் அவன் வேறு வேலைக்கு எழுதிப்போட வேண்டும். எழுதிப்போட்ட இடத்திலிருந்து இங்கே கேட்பார்கள். இங்கே கோப்பில் இது இருக்கும். ஜெய்ராம் பொய் சொன்னவன். அப்படி எழுதவைத்தவள் நான்.

"சுதேஷ்ணாதி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள். தயவுசெய்து."

காலையிலிருந்து ஒரு புள்ளிகூட விடமாட்டேன் என்று நின்றவள், ஐந்து பேர் முன்னால் ஒரு வரியை மறைக்கச் சொல்லிப் பிச்சை கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் இன்னொரு முறை கேட்டிருப்பேன்.

சுதேஷ்ணாதி விஜயலக்ஷ்மியைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி பேனாவை மூடினார், திறந்தார். அவர் சொல்வதற்கு முன் ஜெய்ராம் சொன்னான்.

"இருக்கட்டும், மேடம். நான் சொன்னேன். எழுதுங்கள்."

எழுதினார்கள். அச்செடுத்துக் கொண்டுவந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன், எனக்குக் கீழே அவன் போட்டான்.

படியிறங்கி வெளியே வந்தோம். பந்தல் மூங்கில்களுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்க வேண்டியிருந்தது. அவன் முன்னால் போனான். ஆட்டோ வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டு, அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த வரியை ஏன் விடச் சொன்னே?"

"உன்னைப் பொய்யன்னு நாளைக்கு யாரும் படிச்சுடக் கூடாதுன்னு."

"நானும் அதுக்குத்தானேடி பொய்யே சொன்னேன்," என்றான். "உன்னை யாரும் தப்பாப் படிக்கக் கூடாதுன்னு."

நான் அழுதேன். அவன் முன்னால் அப்படி வாய்விட்டு அழுததே இல்லை. சண்டைகளில் எப்போதும் கத்துவதுதான் என் வழக்கம். ஆட்டோக்காரர் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். டாக்குரியா என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஜெய்ராம் என் கைப்பையை வாங்கிக்கொண்டு எனக்கு வழிவிட்டு நின்றான். நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நகர்ந்து இடம் கொடுத்தேன். முப்பதாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.